பனி ஹாக்கிக் காயங்களும் இயன்முறைச் சிகிச்சையும்: எமது சங்கத்தின் நிலைப்பாடு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இயன்முறைச் சிகிச்சைத் தொழிலில் ஈடுபட்டுள்ள தமிழராகிய எங்களிடம், செப்டம்பர் மாதத்தில் பனி ஹாக்கிப் பருவம் தொடங்கியது முதல் அடுத்த ஆண்டு இளவேனிலில் அது முடியும் வரையில், அடிபட்ட பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரும் பெற்றோர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "எத்தனை நாளில் மறுபடியும் விளையாடலாம்?" கேள்வி நியாயமானதுதான். ஆயினும், அதற்கு நாட்கணக்கில் விடை சொல்லும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பதும், காயம் நேர்ந்த பிறகு செய்யும் வைத்தியத்தைக் காட்டிலும் பருவத்துக்கு முன் செய்யும் பரிசோதனைக்கும் அப்பியாசத்துக்கும் முதலிடம் தர வேண்டும் என்பதும், பனித்தளத்துக்குத் திரும்பும் நாளை அளந்து பார்த்த தசைபலமும் தடையற்ற இயக்கமுமே தீர்மானிக்க வேண்டும் என்பதும் எமது சங்கத்தின் உறுதியான அபிப்பிராயம். அதற்கான காரணங்களைப் பெற்றோரும் பயிற்சியாளரும் அணி நிர்வாகிகளும் அறியும்பொருட்டு இவ்வறிக்கையை வெளியிடுகிறோம்.

கிரிக்கெட்டும் கிளித்தட்டும் ஆடி வளர்ந்த பெற்றோருக்கு, இந்த ஆட்டத்தில் சரீரம் படும் பாடு சுயானுபவமாகத் தெரிந்திருக்க நியாயமில்லை. மண்தரையில் ஓடுகிறவன் நிற்க நினைத்தால் தரையே அவனுக்கு உதவி செய்கிறது. பனிக்கட்டியின்மேல் அவ்வுதவி மிகவும் சொற்பமாகையால், வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் திடீரெனத் திசை திரும்புவதும் இடுப்பையும் தொடையையும் சேர்ந்த தசைகளின் பொறுப்பாகவே முடிகின்றன. அவ்வேகத்தோடு வருகிறவன் மோதுவதற்குச் சுற்றிலும் பலகைச் சுவர் நிற்கிறது, எதிரணியினரும் நிற்கிறார்கள், சுமார் 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் வில்லையாகிய 'பக்', தேர்ந்த ஆட்டக்காரரின் மட்டையிலிருந்து மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய்ந்து வருகிறது. ஆகவே இது ஆபத்தான ஆட்டம் என்று சொல்லிப் பிள்ளைகளை வீட்டில் இருத்திவிடலாமே என்று எண்ணுகிறவர்கள் நம்மிடையே உண்டு. அந்த எண்ணம் எங்களுக்கு உடன்பாடல்ல. நீண்ட குளிர்காலமுள்ள தேசத்தில் வளரும் பிள்ளைக்கு இதைவிட உற்சாகமான தேகப்பயிற்சி கிடைப்பது அரிது.

காயங்களுள் கவட்டுப் பகுதியில் உண்டாகும் தசைக்கிழிவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் எலும்பு முறிவைப் போலக் கூட்டத்தைத் திடுக்கிடச் செய்யாமல், முதலில் அற்பமாகத் தோன்றி, முடிவில் ஒரு பருவம் முழுவதையும் விழுங்கிவிடக்கூடியது அதுவே. சறுக்கும்போது ஒவ்வொரு தள்ளலிலும் கால் உடலைவிட்டு வெளிப்புறமாகவும் பின்புறமாகவும் விலகிச் செல்கிறது. அவ்வாறு விலகும் காலைக் கட்டுப்படுத்தி மீண்டும் உடலுக்கு அடியில் கொண்டுவருகிற வேலை உட்தொடைத் தசைகளுடையது. அவை நீண்டுகொண்டிருக்கும் நிலையிலேயே இறுகவும் வேண்டியிருக்கிறது. ஆட்டத்தில் தேர்ச்சி மிகுந்து தள்ளும் தசைகள் வலுத்துக்கொண்டே போக, இழுத்துப் பிடிக்கும் தசைகள் பின்தங்கிவிடுமானால், என்றோ ஒருநாள் ஒரு திடீர்த் திருப்பத்தில் அவை கிழிவதில் ஆச்சரியமில்லை.

இதனை ஊகமாகச் சொல்லவில்லை. நியூயார்க்கைச் சேர்ந்த இயன்முறைச் சிகிச்சையாளர் டிமதி டைலரும் அவருடைய சகாக்களும், தொழில்முறைப் போட்டித்தொடராகிய என்.எச்.எல்.-இல் ஆடும் அணி ஒன்றின் ஆட்டக்காரர்களைப் பருவத்துக்கு முன்பே அளந்து வைத்துக்கொண்டு, பின்னர் யாருக்குக் காயம் நேர்ந்தது என்று தொடர்ந்து கவனித்து, 2001-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். உட்தொடைத் தசைகளின் பலம் வெளிப்புறத் தசைகளின் பலத்தில் 80 சதவீதத்துக்குக் குறைந்திருந்தவர்களுக்குக் கிழிவு நேரும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் 17 மடங்காக இருந்தது. அதன்பின், அவ்வாறு குறைவுபட்டவர்களுக்கு 6 வாரகால அப்பியாசம் அளித்துப் பார்த்தபோது, முந்திய இரண்டு பருவங்களில் 11 ஆக இருந்த கிழிவுகள் அடுத்த இரண்டு பருவங்களில் 3 ஆகக் குறைந்தன. இது ஒரே அணியில், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாமல் நடந்த ஆய்வு என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும், 2019-இல் நார்வே நாட்டுக் கால்பந்தாட்டக்காரர்களிடையே, ஒப்புநோக்கும் குழுவையும் வைத்துக்கொண்டு நடத்திய பரிசோதனையில், ஒரே ஓர் அப்பியாசத்தால் கவட்டுத் தொல்லைகள் 41 சதவீதம் குறைந்தன. ஆட்டம் வேறானாலும் தசை அதுவேதான்.

அந்த அப்பியாசத்துக்கு இயந்திரம் ஒன்றும் தேவையில்லை. பக்கவாட்டில் படுத்து, முழங்கையை ஊன்றி, மேற்காலைத் தோழன் ஒருவன் பிடித்துக்கொள்ள, உடலை உயர்த்திக் கீழ்க்காலை மேற்காலோடு கொண்டுவந்து சேர்த்து, மெல்ல இறக்க வேண்டும். கோபன்ஹேகன் அப்பியாசம் என்று வழங்கும் இது, செய்வதற்கு எளிதாகத் தோன்றினும் முதல் வாரத்தில் தொடையை நன்றாகவே நோகச் செய்யும். அந்த நோவுக்குப் பயந்து விட்டுவிடுவோர் பலர். ஆகையால் இதை அக்டோபரில் ஆட்டங்களுக்கு நடுவே தொடங்குவது உசிதமல்ல. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களே தக்க காலம். என்.எச்.எல். ஆட்டக்காரர்களைப் பற்றிய மற்றோர் ஆய்வில், பருவத்துக்கு முந்திய ஓய்வுக்காலத்தில் ஆட்டத்துக்கேற்ற பயிற்சியை 18 முறைக்கும் குறைவாகச் செய்தவர்களுக்குக் கவட்டுக் காயம் நேரும் அபாயம் மும்மடங்குக்கு மேலாக இருந்தது. முன்பு ஒருமுறை கிழிந்தவருக்கு மறுபடியும் கிழிவதும் சகஜமே. வலி நின்றுவிட்டது என்பதையே குணமடைந்ததற்கு அடையாளமாகக் கொண்டு பிள்ளையைப் பனித்தளத்துக்கு அனுப்புவதை நாங்கள் எதிர்ப்பதற்கு இதுவே பிரதான காரணம். நேராகச் சறுக்குதல், பின் வளைந்து சறுக்குதல், பின் திடீரென நிற்றலும் புறப்படுதலும், பின் மட்டை வீச்சு, கடைசியில்தான் மோதல் என்னும் கிரமத்தில், ஒவ்வொரு படியிலும் வலியில்லாமல் தேறிய பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

கோல்காப்பாளர்களின் விஷயம் தனியானது. முழங்கால்களை உட்புறமாகத் திருப்பிக் கால்களை இருபுறமும் பரப்பி விழும் முறை இக்காலத்தில் ஏறக்குறைய எல்லோரும் கைக்கொள்ளும் முறையாகிவிட்டது. அது இடுப்பு மூட்டின் எல்லையை ஓயாமல் சோதிக்கிறது. வளரும் வயதில் ஆண்டு முழுவதும் இதையே பழகும் சிறுவனுக்கு இடுப்பின் முன்புறத்தில் வலி நிலைத்திருக்குமானால், 'தசை இறுகியிருக்கிறது' என்று இழுத்து நீட்டிக்கொண்டிருப்பது சில சமயங்களில் வலியை அதிகப்படுத்தவே செய்யும். மூட்டைப் பரிசோதித்த பின்னரே நீட்டல் பயிற்சி கொடுக்க வேண்டும். கோடையிலும் பனித்தளத்தை விட்டு அகலாத பிள்ளைகளைப் பற்றிப் பொதுவாகவே எங்களுக்குக் கவலையுண்டு. ஆண்டில் சில மாதங்களாவது வேறு ஆட்டம் ஆடட்டும்.

தோள்பட்டையின் மேல்மூட்டு பலகைச் சுவரில் மோதி விலகுவதும், முழங்காலின் உட்புற இணைநார் இழுபட்டுப் பிசகுவதும் இந்த ஆட்டத்தில் சாதாரணம். இவற்றில் பெரும்பகுதி கத்தி வைக்காமலே குணமாகும். தாங்குகவசமும் படிப்படியான அப்பியாசமும் போதும். கணுக்காலில் மட்டும் ஓர் எச்சரிக்கை அவசியம். கெட்டியான சறுக்குக் காலணி கணுக்காலைச் சாதாரணச் சுளுக்கிலிருந்து ஓரளவு காப்பாற்றினாலும், பாதம் வெளிப்புறமாக முறுக்கும்போது கணுக்காலுக்கு மேலே இரண்டு எலும்புகளையும் பிணைத்திருக்கும் நாண்களைச் சேதப்படுத்தக்கூடும். அது சாதாரணச் சுளுக்கைப்போல் சில நாட்களில் சரியாவதன்று, பல வாரங்கள் எடுத்துக்கொள்ளும்; இந்த வித்தியாசத்தை முதல் நாளிலேயே கண்டுகொள்ளாமல் போவதால் வரும் கஷ்டம் அதிகம்.

இனி மூளை அதிர்ச்சி. கல்கரி நகர ஆய்வாளர் கேரொலின் எமரியும் அவருடைய குழுவினரும், 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு உடலால் மோதித் தடுப்பதை அனுமதித்திருந்த ஆல்பர்ட்டா மாகாணத்தையும் அனுமதிக்காத கியூபெக் மாகாணத்தையும் ஒப்பிட்டு, ஆல்பர்ட்டாவில் மூளை அதிர்ச்சி அபாயம் மும்மடங்குக்கும் மேல் என்று 2010-இல் வெளியிட்டார்கள். 2013-இல் ஹாக்கி கனடா அமைப்பு அந்த வயதுப் பிரிவில் இவ்வகை மோதலை நீக்கியது. சிறுவயதிலேயே மோதலுக்குப் பழகாதவன் பின்னால் அதிகம் அடிபடுவான் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பின்னால் வரக்கூடிய காயத்தைத் தவிர்க்க இன்றே ஒரு காயத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்லும் இந்த வாதம் எங்களுக்குச் சிறிதும் ஏற்புடையதாக இல்லை. எமது சங்கம் 2013-ஆம் ஆண்டுத் தீர்மானத்தை ஆதரிப்பதோடு, 13 வயதுக்குப் பின்னும் உயர்நிலைப் போட்டிகளை நாடாத பிள்ளைகளை மோதலில்லாத பிரிவுகளிலேயே சேர்க்குமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறது. வாய்க்காப்பு அணிவதும் மூளை அதிர்ச்சியைக் குறைக்கிறது என்று 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர் மாநாடு முடிவு செய்திருக்கிறது.

சிகிச்சையிலும் பழைய அபிப்பிராயம் மாறிவிட்டது. இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பதே வைத்தியம் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. முதல் 24 முதல் 48 மணி நேரம் வரை வேலைகளைக் குறைத்து ஓய்ந்திருந்து, அதன்பின் நடத்தல் முதலான இலேசான அப்பியாசத்தைத் தொடங்குவதே நல்லது என்று இப்போது தெளிவாகியிருக்கிறது. தலைச்சுற்றலும் கழுத்துவலியும் தலைவலியும் நீடிப்பவர்களுக்குக் கழுத்துக்கும் உட்செவிச் சமநிலைக்கும் சேர்த்து இயன்முறைச் சிகிச்சை அளித்துக் கல்கரியில் நடந்த ஓர் ஆய்வில், அச்சிகிச்சை பெற்றவர்களில் 73 சதவீதத்தினர் 8 வாரத்துக்குள் ஆட்டத்துக்குத் திரும்ப மருத்துவ அனுமதி பெற்றார்கள். பெறாதவர்களில் 7 சதவீதத்தினர் மட்டுமே. 31 பேர் அடங்கிய சிறு ஆய்வாயினும், வித்தியாசம் அலட்சியம் செய்யத்தக்கதல்ல.

அடிபட்டும் ஆடுவதே ஆண்மை என்னும் மனோபாவம் இவ்வாட்டத்தில் வேரூன்றியது. 1959 நவம்பர் 1-ஆம் தேதி முகத்தில் பக் தாக்கித் தையலிட்டுக்கொண்ட கோல்காப்பாளர் ஜாக் பிளான்ட், முகமூடி இல்லாமல் திரும்பிச் செல்ல மறுத்தபோது, அதுவரை அவருடைய பயிற்சியாளருக்கு முகமூடி அணிவது பிடித்தமில்லாத காரியமாகவே இருந்தது. இன்று முகமூடி அணியாத கோல்காப்பாளரைக் கண்டால் ஆட்டத்தையே நிறுத்திவிடுவார்கள். பிள்ளை வலியை மறைப்பதற்குப் பெற்றோர் காட்டும் ஏமாற்றமும் ஒரு காரணமாவதுண்டு என்பதை மரியாதையுடனே சொல்லிவைக்கிறோம்.

ஆதலால் எமது உறுப்பினர் எவரும் பிள்ளையைப் பரிசோதிக்காமல் தொலைபேசி வழியாகத் திரும்பும் தேதியைச் சொல்லமாட்டார்கள். இரு கால்களின் பலத்தையும் விசைமானியால் அளந்து எழுதிய குறிப்பு, பெற்றோரின் சம்மதத்தோடு பயிற்சியாளருக்கு அளிக்கப்படும். மூளை அதிர்ச்சி விஷயத்தில், 2018-இல் ஒன்டாரியோ சட்டசபை நிறைவேற்றிய ரோவன் சட்டத்தையொட்டிய விதிகளின்படி, மீண்டும் முழு ஆட்டத்துக்கு அனுமதி தரும் அதிகாரம் மருத்துவருக்கும் நர்ஸ் பிராக்டிஷனருக்கும் உரியது. அந்தக் கையொப்பத்தை எங்களிடம் கேட்பவர்களை அவர்களிடமே அனுப்புவோம். அணி நிர்வாகிகள் பதிவுக் காலத்திலேயே ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கித் தந்தால், பிள்ளைகளின் இடுப்புத் தசைகளை அளந்து கொடுக்க எமது உறுப்பினர்கள் கட்டணமின்றி வருவார்கள். காயம்பட்ட பின் செலவை எண்ணித் தயங்கும் பெற்றோருக்கும் ஒன்று தெரிவிக்கிறோம்: 19 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு, மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் இருந்தால், அரசு நிதியுதவி பெறும் சிகிச்சை நிலையங்களில் ஓஹிப் காப்புறுதியின்கீழ் இயன்முறைச் சிகிச்சை பெற வழியுண்டு, கடிதத்தைக் குடும்ப மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுப் பெற்றுக்கொள்ளவும்.