நாலு புத்தகம் தொலைஞ்சா என்ன?

நான் படிச்ச உயர்நிலைப் பள்ளியில நூலகம்னா ஹெச்.எம். ரூம்ல இருந்த ரெண்டு பச்சை பீரோதான். டைம்டேபிள்ல வாரம் ஒரு நூலக வகுப்பு உண்டு. அந்த பீரியட்ல கணக்கு சார் வந்துடுவார். அஞ்சு வருஷத்துல நான் எடுத்த புத்தகம்... பூஜ்யம் :(

காரணம் சிம்பிள். புத்தகம் தொலைஞ்சா பொறுப்பாசிரியர் கைக்காசு போடணும்ங்கற பயம். அவரைக் குத்தம் சொல்லி என்ன பண்ண? ஆனா 1931லயே நம்ம சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகள்ல முதல் விதியே, புத்தகம் இருக்கறது பயன்படுத்தறதுக்குத்தான்ங்கறது.

போன மாசம் அதே பள்ளிக்குப் போயிருந்தேன். புது டீச்சர் பீரோவைத் திறந்து, வராண்டாவுல கயிறு கட்டி புத்தகங்களைத் தொங்க விட்டிருக்காங்க. எட்டாவது படிக்கிற பொண்ணுதான் நூலகர். ஒரு நோட்டுல பேர் எழுதிட்டு எடுத்துட்டுப் போகலாம். வெள்ளிக்கிழமை ப்ரேயர்ல ரெண்டு பேர், படிச்ச கதையைச் சொல்லணும்.

"எத்தனை தொலைஞ்சுது?"ன்னு கேட்டேன்.

"நாலுண்ணே. அட்டை கிழிஞ்சது பதினொண்ணு."

மத்திய அரசோட பொது நிதி விதிகளே (2017), ஆயிரம் புத்தகம் வழங்கினா வருஷத்துக்கு அஞ்சு தொலையறதை நியாயமான இழப்பா எடுத்துக்குது. நேர்மைக்குறைவோ அலட்சியமோ இல்லாம இருந்தா போதும். இந்தத் தாராளத்தை எழுத்துப்பூர்வமா ஒவ்வொரு பள்ளி ஆசிரியருக்கும் கொடுங்க. பீரோ தானா திறக்கும்.

கரையான் திங்கறதுக்கு, எவனோ ஒரு பய வீட்டுல இருக்கட்டுமே. என்ன சொல்றீங்க மக்கா?