காஞ்சிக்கு அப்பால்

என் சிநேகிதர் ஒருவர் காஞ்சிபுரத்துக்காரர். பரம்பரையாகப் பட்டு வியாபாரம் செய்யும் குடும்பம். தாம் குடியிருக்கும் தெருவின் சங்கத்துக்கு அவர்தான் பொக்கிஷதார். சென்ற வருஷம் அவர் ஜப்பானுக்குப் போய்த் திரும்பினார். அன்று முதல் அவரைச் சந்திப்பவர்களுக்கெல்லாம் ஒரே கதைதான். டோக்கியோவைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை.

"பட்டணத்தில் என்ன ஐயா இருக்கிறது? எல்லாப் பட்டணமும் ஒன்றுதான். மலைகளுக்கு நடுவே சிரகாவா என்று ஒரு கிராமம் இருக்கிறது. அதையல்லவா பார்க்க வேண்டும்!" என்று ஆரம்பித்துவிடுவார்.

அவர் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. அந்தக் கிராமத்து வீடுகளின் கூரை, இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிடுவது போல் செங்குத்தாகச் சரிந்திருக்கும். பனி தங்காமல் வழுக்கி விழுவதற்காக அப்படிக் கட்டினார்கள். கூரைக்கு அடியிலுள்ள மாடங்களில் முற்காலத்தில் பட்டுப் புழு வளர்த்தார்கள். ஒரு வீட்டின் புல்வேய்ந்த கூரையை மாற்ற வேண்டுமானால் ஊரே திரண்டு ஏணி ஏறும். இன்றைக்கு என் வீடு, நாளைக்கு உன் வீடு என்னும் அந்த வழக்கத்துக்கு 'யுயி' என்று பெயர். 1971-ல் ஊரார் கூடி, 'வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை' என்று தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். 1995-ல் அந்த ஊர் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீர் உத்தரமேரூருக்குப் போயிருக்கிறீரா?" என்று கேட்டேன்.

"எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன்."

"இறங்கியதுண்டா?"

"இறங்குவானேன்?" என்றார் சிநேகிதர்.

இந்த வாரம் நான் எழுதுவதற்குக் காரணம் அந்தக் கேள்விதான். காஞ்சிக்கு வருகிறவர்கள் காமாட்சியம்மனைத் தரிசிக்கிறார்கள், ஏகாம்பரநாதரைச் சேவிக்கிறார்கள், வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு, கலியாணத்துக்குப் புடவை எடுத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் ஊர் எல்லையைத் தாண்டிப் பதினைந்து இருபது மைல் போனால், உலகத்தில் எந்தத் தேசத்துக்காரரும் கடல் கடந்து வந்து பார்க்கத் தகுந்த கிராமங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் போகிறவர்களோ மிகச் சிலர்.

மார்கழி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிநேகிதரையும், கல்லூரியில் படிக்கும் அவருடைய பெண்ணையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். செங்கற்பட்டுச் சாலையில் காஞ்சியை விட்டதும் முத்தியால்பேட்டை, ஐயம்பேட்டை என்று நெசவாளர்கள் வாழும் ஊர்கள் வரிசையாக வருகின்றன. வெயில் ஏறுவதற்கு முன்னால் போனால், தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டி, இழை இழையாகச் சரிபார்க்கும் காட்சியைக் காணலாம். காஞ்சிப் புடவையின் பெருமை கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு வர்ணம், கரை வேறொரு வர்ணம். இரண்டும் தனித்தனி நாடாவில் ஓடி ஒவ்வொரு இழையிலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். நெய்கிறவர் ஒருவர் மட்டும் இருந்தால் போதாது. பக்கத்தில் கரையின் நாடாவைத் தள்ளுவதற்கு ஒரு துணை வேண்டும். கடையில் விளக்கு வெளிச்சத்தில் புடவையைப் பார்க்கிறவர்களுக்கு அந்த இரண்டாவது ஜோடிக் கைகள் தெரிவதில்லை.

வாலாஜாபாத்தைத் தாண்டிப் பழையசீவரம் போனதும் பாலாறு குறுக்கிடுகிறது. பாலாறு என்று பெயர்; வருஷத்தில் பெரும் பகுதி மணலாறுதான். ஆற்றுக்கு அக்கரையில் திருமுக்கூடல். பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடும் இடம் ஆனதால் அந்தப் பெயர். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்காக இந்தப் பக்கம் எழுந்தருளுகிறார். அன்று ஒரு நாள் ஆற்றங்கரை முழுவதும் ஜனங்கள். மற்ற நாட்களில் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் காற்றுத்தான் கூட்டம்.

அந்தக் கோயில் சுவரில் சோழ அரசன் வீரராஜேந்திரனுடைய ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது 1068-ம் ஆண்டை ஒட்டிப் பொறிக்கப்பட்ட நீண்ட சாசனம் ஒன்று இருக்கிறது. கோயிலில் வேலை செய்தவர்களுக்கும், அங்கே நடந்த பாடசாலை மாணாக்கர்களுக்கும் 'வீரசோழன்' என்ற பெயரால் ஓர் ஆதுலர் சாலை, அதாவது வைத்தியசாலை, நடந்ததை அது சொல்கிறது. படுக்கைகள் பதினைந்து. நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. ஒரு வைத்தியர், ரண சிகிச்சை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இரண்டு பேர், நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள், ஒரு நாவிதர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். கையிருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல்கூட உண்டு; கடுக்காயைக் கொண்டு செய்யும் மருந்துகள் அதில் பல. இராத்திரி எரியும் விளக்குக்கு எண்ணெய் எவ்வளவு என்பதையும் எழுதிவைக்கத் தவறவில்லை.

சிநேகிதரின் பெண் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, ராஜா எந்த ஊரை ஜயித்தான் என்றுதானே கல்வெட்டில் எழுதுவார்கள்? இதில் விளக்கெண்ணெய்க் கணக்கெல்லாம் இருக்கிறதே!" என்றாள்.

"ராஜாவின் வெற்றிகளும் இதில் இருக்கின்றன, அம்மா. ஆனால் நோயாளிக்கு இருட்டில் பயம் வராமல் இருக்க அந்த எண்ணெய்தான் உபயோகப்பட்டிருக்கும்" என்றேன்.

அங்கிருந்து தெற்கே போனால் உத்தரமேரூர். காஞ்சியிலிருந்து நேரே வந்தால் சுமார் 18 மைல். கடைவீதி, பஸ் நிலையம், ஆட்டோ ரிக்ஷா என்று எல்லாச் சிற்றூர்களையும் போலத்தான் இருக்கும். பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் மூன்று நிலைகளில் மூன்று தளங்களில் சேவை சாதிக்கும் சுந்தர வரதராஜர் கோயில் இங்கே உண்டு. நாங்கள் தேடி வந்தது வைகுண்டப் பெருமாள் கோயிலை. அதன் சுவர்களில்தான் முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சபையார் தாங்கள் செய்துகொண்ட விதிகளை 919-லும் 921-லும் பொறித்துவைத்தார்கள்.

முதலில் செய்த ஏற்பாட்டில் குறை கண்டு, அரச அதிகாரி உடனிருக்க, இரண்டே வருஷத்தில் மறுபடி கூடித் திருத்தியிருக்கிறார்கள். அந்த விதிகளின்படி ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்பு ஒன்றுக்குத் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட வேண்டும். தகுதி என்ன? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் வசிக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதப் படிப்பு வேண்டும். முந்திய மூன்று வருஷங்களில் வாரியத்தில் இருந்தவர்கள் மறுபடி வர முடியாது.

தேர்தல் நாளன்று சபையோர் எல்லோரும், குழந்தைகளும் முதியவர்களும் உட்பட, மண்டபத்தில் கூடுவார்கள். நம்பிமாரில் மூத்தவர் எழுந்து எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி குடத்தை உயர்த்திப் பிடிப்பார். ஒன்றும் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரிந்திருக்கும்படி உள்ளங்கையில் ஏந்தி வாங்க வேண்டும்! விரல்களுக்கிடையே வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா? பிறகு அவர் உரக்கப் படிப்பார். அங்கிருக்கும் நம்பிமார் யாவரும் அதே ஓலையை வாங்கிப் படிப்பார்கள். இப்படித் தேர்ந்த முப்பது பேரில் பன்னிரண்டு பேர் சம்வத்ஸர வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். 360 நாள் உத்தியோகம். பிறகு வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

இதைப் படித்துப் பூரித்துப் போய்விடுவதும் சரியல்ல. நிலமும் வேதப் படிப்பும் இல்லாதவர்களுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. பெண்களுக்கும் கிடையாது. சதுர்வேதிமங்கலம் என்னும் பிராமண ஊரின் சபை அது. இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் செய்திருக்கிறோம். கிராம சபையில் வாக்காளர் எவரும் எழுந்து கேள்வி கேட்கலாம். அந்த வகையில் நாம் முன்னோர்களைத் தாண்டி வெகு தூரம் வந்துவிட்டோம். இன்னொரு வகையிலோ அவர்கள் நம்மைத் தாண்டி நிற்கிறார்கள். எதில் என்றால், தகுதி இல்லாதவர்கள் யார் என்று அவர்கள் எழுதிய பட்டியலில்.

பிறர் பொருளை அபகரித்தவர்களும் மகாபாதகம் செய்தவர்களும் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். அவர்களோடு சேர்த்து, முன்னே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களையும் வைத்திருக்கிறார்கள். அவர்கள் மட்டுமல்ல, அவர்களுடைய பிள்ளை, சகோதரன், மாமன், மைத்துனன், மருமகன் என்று உறவினர் பட்டியல் ஒன்று நீளுகிறது. கணக்குக் காட்டாதவனுடைய ஓலை குடத்துக்குள்ளேயே போகக் கூடாது!

இதை நான் விளக்கிக்கொண்டிருக்கையில் சிநேகிதரின் பெண் திரும்பி, "அப்பா, நம் தெருச் சங்கத்துக் கணக்கை நீங்கள் எப்போது காட்டினீர்கள்?" என்று கேட்டாள்.

சிநேகிதர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். "பொழுதாகிறது. பறவைகளைப் பார்க்க வேண்டாமா?" என்றார்.

உத்தரமேரூரிலிருந்து தென்கிழக்கே முக்கால் மணி நேரத்தில் வேடந்தாங்கலை அடைந்தோம். சுமார் 74 ஏக்கர் ஏரி. நீரில் நிற்கும் கடப்ப மரங்களின்மேல் நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், வக்கா என்று ஆயிரக்கணக்கில் கூடு கட்டியிருந்தன. மழை பெய்து ஏரி நிரம்பிய வருஷங்களில் கார்த்திகை முதல் பங்குனி வரையில் இந்தக் காட்சியைக் காணலாம்.

இந்தப் பறவைகளுக்குக் காவல் முதலில் சர்க்கார் அல்ல, ஊரார்தான். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு எரு அதிகம் வேண்டாம் என்பதை அவர்கள் அநுபவத்தில் கண்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டர் லயனெல் பிளேஸிடம் போய் முறையிட்டு, சுடக் கூடாது என்று உத்தரவு வாங்கிவந்தார்கள். 1936-ல்தான் சர்க்கார் இதைச் சரணாலயமாக்கிற்று. 2022-ல் உலகம் மதிக்கும் ராம்சார் ஈரநிலங்களில் ஒன்றாயிற்று. ஊரார் காவலுக்குப் பிறகுதான் இந்தப் பட்டங்களெல்லாம் வந்தன.

திரும்பும் வழியில் சிநேகிதர் வெகு நேரம் மௌனமாக இருந்தார். கடைசியில், "சிரகாவாவில் நான் கண்டு ஆச்சரியப்பட்டது கூரையை அல்ல, ஊர் ஒன்றாக ஏணி ஏறுவதைத்தான். அது இங்கேயும் இருந்திருக்கிறது" என்றார்.

"இருந்திருக்கிறது என்று ஏன் சொல்கிறீர்? வேடந்தாங்கலில் இருக்கிறதே!" என்றேன்.

நேயர்கள் அடுத்த முறை காஞ்சிக்குப் புடவை எடுக்கப் போகும்போது ஒரு நாள் அதிகமாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். கையில் சாப்பாடும் தண்ணீரும் இருக்கட்டும். கோயில் பூட்டியிருந்தால் கோபம் வேண்டாம். பக்கத்து வீட்டில் விசாரித்தால் சாவி யாரிடம் என்று சொல்லுவார்கள். கல்வெட்டின்மேல் கை வைத்துத் தேய்க்காதீர்கள். ஏரிக்கரையில் கூச்சல் வேண்டாம். முக்கியமாக, உத்தரமேரூர்ச் சுவரைப் படித்துவிட்டு வந்தால் அதை அங்கேயே விட்டுவிடாதீர்கள். உங்கள் ஊர் ஏரிக்கும் தெருவுக்கும் வாரியம் யார், கணக்கு எங்கே என்று ஒரு முறை விசாரியுங்கள்.

சென்ற வாரம் சிநேகிதரிடமிருந்து எனக்கு ஒரு கவர் வந்தது. உள்ளே கடிதம் ஒன்றும் இல்லை. அவர்கள் தெருச் சங்கத்தின் மூன்று வருஷ வரவு செலவுக் கணக்கு, சுத்தமாக எழுதி, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்த நகலில் ஒன்று மட்டும் இருந்தது. அடியில் பொக்கிஷதாரின் கையெழுத்து. அதற்கும் கீழே, 'சரிபார்த்தேன்' என்று அவருடைய பெண்ணின் கையெழுத்து.