27 ஆண்டு தூங்கிய இசைத்தட்டு

அமெரிக்காவில் ஓர் இரவு விடுதி. கச்சேரி நடக்கிறது. கித்தார் வாசிப்பவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார். மேல் உதட்டில் மீசை.

அது பொய் மீசை! வாசித்தது 12 வயதுப் பையன். இரவு விடுதிக்குள் சிறுவர்கள் போகக்கூடாது. அதனால்தான் இந்த வேஷம்.

பையனின் பெயர் ஷக்கி ஓட்டிஸ். 1953-ல் பிறந்தவர். தந்தை ஜானி ஓட்டிஸ், பெயர் பெற்ற இசைக்குழுத் தலைவர்.

எல்லாம் அவரே

அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகுக்குத் தந்த இசையில் 'சோல்' ஒரு வகை. 'ஃபங்க்' இன்னொரு வகை. மாதா கோவில் பாட்டின் உருக்கம் சோலில் இருக்கும். ஃபங்க் கேட்டால் கால் தானாகத் தாளம் போடும்.

இரண்டையும் கலந்து, 1974-ல் ஷக்கி ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். பெயர் 'இன்ஸ்பிரேஷன் இன்பர்மேஷன்'. அப்போது அவருக்கு வயது 20.

பாட்டு எழுதியவர் அவர். பாடியவர் அவர். ஊதுகுழல்கள், வயலின்கள் தவிர ஏறக்குறைய எல்லா வாத்தியங்களையும் வாசித்தவரும் அவரே. தாளம் போட ஒரு எந்திரத்தையும் வைத்துக் கொண்டார். இன்று அது சாதாரணம். அன்று அரிது. தட்டு முடிய சுமார் 3 ஆண்டு பிடித்தது.

தட்டு விற்கவில்லை. கம்பெனி அவரைக் கைவிட்டு விட்டது.

அந்த நாளில் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்ற உலகப் புகழ் பெற்ற குழுவில் சேர அழைப்பு வந்தது. 'வேண்டாம்' என்று சொல்லி விட்டார். சொந்த இசைதான் அவருக்குப் பெரிது.

யார் தவறு?

இங்கே ஒரு வேடிக்கை. ஷக்கி 1971-ல் 'ஸ்ட்ராபெரி லெட்டர் 23' என்று ஒரு பாட்டு பாடியிருந்தார். 1977-ல் அதையே 'பிரதர்ஸ் ஜான்சன்' என்ற சகோதரர்கள் பாடினார்கள். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 5-வது இடம்!

ஷக்கியின் பாட்டு மக்களுக்குப் பிடிக்காது என்று இனி யார் சொல்ல முடியும்? ஆனாலும் அவருக்குக் கதவு திறக்கவில்லை. போட்ட பணத்தைக் கம்பெனி எதிர்பார்ப்பது நியாயமே. 3 ஆண்டு காத்திருந்ததும் உண்மையே. அதற்காக 21 வயது வாலிபரைத் தெருவில் விடுவதா?

அந்தத் தட்டின் கடைசி உருப்படிக்கு 'கிடைக்காது' என்று பொருள்படும் பெயர். பெயர் பலித்து விட்டது. பழைய தட்டுகளைத் தேடி அலைபவர்கள் மட்டுமே அதைக் கேட்டு ரசித்தார்கள்.

2001-ல் டேவிட் பைர்ன் என்ற பாடகரின் 'லுவாக்கா பாப்' நிறுவனம் அதை மறுபடி வெளியிட்டது. 'ஸ்ட்ராபெரி லெட்டர்' உள்பட 4 பழைய பாட்டுகளும் சேர்ந்தன. பத்திரிகைகள் புகழ்ந்தன. ஷக்கிக்கு அப்போது வயது 47.

2013-ல் இன்னொரு பதிப்பு வந்தது. கேட்பார் இல்லாத காலத்தில் ஷக்கி பதிவு செய்து வைத்திருந்த பாட்டுகள் அதில் இருந்தன. அவற்றை அப்போதே கேட்டிருக்கலாம்.