காமிராவும் கண்ணீரும்

பிரயாணம் போகிறவர்கள் இப்போது காமிரா என்று தனியாக ஒன்றைச் சுமக்க வேண்டியதில்லை. சட்டைப் பையில் டெலிபோன் இருந்தால் போதும். அதற்குள்ளேயே காமிராவும் இருக்கிறது. கோபுரத்தைப் பார்த்தால் ஒரு படம், குரங்கைப் பார்த்தால் ஒரு படம், இலையில் சாப்பாடு பரிமாறினால் கை நனைப்பதற்கு முன் ஒரு படம்! இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. சாம்பார்தான் கொஞ்சம் ஆறிப் போகும்.

ஆனால் வழியெல்லாம் கோபுரமும் குரங்குமாகவே இருந்துவிடுகிறதா? ஒரு திருப்பத்தில் லாரி கவிழ்ந்து கிடக்கும். ஒரு படித்துறையில் கூட்டம் நிற்கும்; எட்டிப் பார்த்தால், ஆற்றிலிருந்து யாரையோ தூக்கிக் கரையில் கிடத்தியிருப்பார்கள். பக்கத்தில் ஒரு தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருப்பாள். அந்தச் சமயத்தில் உங்கள் கை எங்கே போகிறது? சட்டைப் பைக்குத்தானே? உண்மையைச் சொல்லுங்கள், நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

இப்படிப்பட்ட காட்சிகளைப் படம் பிடிக்கலாமா, கூடாதா? பத்திரிகை ஆபீஸ்களில் தினம் எழும் கேள்வி இது. பெரிய பெரிய ஆசிரியர்கள் இதைப்பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஆனால் எனக்குப் பிடித்த பதில் கிடைத்தது திருக்காட்டுப்பள்ளியில், ஒரு பழைய போட்டோ ஸ்டூடியோக்காரரிடம்.

திருக்காட்டுப்பள்ளி தெரியுமல்லவா? தஞ்சாவூரிலிருந்து பூதலூர் வழியாகப் போனால் வரும் ஊர். கல்லணையைத் தாண்டி வந்த காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிவது இங்கேதான். அக்னீசுவரர் கோயில் கொண்டிருக்கும் பாடல் பெற்ற ஸ்தலம். சுற்றிலும் நெல்லும் வாழையும். இன்றைக்குப் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் இல்லாத கிராமம் இல்லை. ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னால் கதை வேறு. மழைக்காலம் வந்துவிட்டால் உள் கிராமங்களுக்குப் போக வண்டித் தடமும் வரப்பும்தான்.

தஞ்சாவூர்ச் சீமைக்குக் காமிரா வந்தது மிகவும் முன்னாலேயே. சென்னை சர்க்காரின் போட்டோகிராபராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரர் 1858-ல் பெரிய கோயிலைப் படமெடுத்தார். அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார்! கல்லைப் படமெடுப்பதில் ஒரு சௌகரியம்: அது அழாது, 'எடுக்காதே' என்று முகத்தை மூடிக்கொள்ளாது. மனிதர்களிடம் வரும்போதுதான் தகராறு.

நமது ஸ்டூடியோக்காரருக்கு இப்போது எண்பதைத் தாண்டிய வயது. கடை பிள்ளையின் கையில். பேச்சு வாக்கில், "ஐயா, அந்தக் காலத்தில் என்ன மாதிரிப் படங்கள் அதிகம் எடுப்பீர்கள்? கல்யாணமா?" என்று கேட்டேன்.

"கல்யாணம் பாதி, சாவு பாதி, தம்பி" என்றார், சாதாரணமாக.

நான் கொஞ்சம் திடுக்கிட்டுத்தான் போனேன். அவர் விளக்கினார். எழுபது வருஷம் வாழ்ந்த பாட்டிக்கு ஒரு படம்கூட இருக்காது. கல்யாணத்தன்றும் எடுத்திருக்கமாட்டார்கள். மூச்சு நின்ற பிறகுதான் பேரனுக்கு ஞாபகம் வரும், 'அடடா, முகத்தைப் பார்க்க ஒரு படமில்லையே' என்று. உடனே சைக்கிளில் ஓடி வந்து ஸ்டூடியோக் கதவைத் தட்டுவான். இவர் காமிராவையும் முக்காலியையும் கட்டிக்கொண்டு கிளம்புவார்.

அங்கே குளிப்பாட்டி, கோடி உடுத்தி, மாலை போட்டு, வெளிச்சத்துக்காக வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருப்பார்கள். தாடையைத் துணியால் கட்டியிருக்கும். தலை சாயாமல் பின்னாலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்வார். இரண்டு பக்கமும் பிள்ளைகளும் பெண்களும் நிற்பார்கள். பாடை கட்டி முடிப்பதற்குள் படம் எடுத்தாக வேண்டும். சில வீடுகளில், 'கண்ணைத் திறந்த மாதிரி போட்டுக் குடுங்க' என்பார்கள். ஸ்டூடியோவுக்கு வந்து பிரஷ்ஷால் கண்ணை எழுதுவாராம். "ஸ்தபதி சுவாமிக்குக் கண் திறக்கிற மாதிரி, ராத்திரி தனியாக உட்கார்ந்து செய்வேன்" என்றார். நம் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் கூடத்தில் மாட்டியிருக்கும் தாத்தா பாட்டி படங்களில் சில இப்படி வந்தவைதான். உங்கள் வீட்டிலும் இருக்கலாம். பயப்படாமல் நன்றாகப் பாருங்கள்!

பிணத்துக்கு முன்னால் காமிராவை நிறுத்துவது என்பது கேட்கப் பயங்கரமாக இருக்கிறது. ஆனால் அதில் ஒரு விகாரமும் இல்லை. காரணம், அவர் சில வழக்கங்களை வைத்திருந்தார். கூப்பிட்டால்தான் போவார். போனதும் காமிராவைத் திறக்கமாட்டார். முதலில் துக்கம் விசாரிப்பார். வீட்டுப் பெரியவர் தலையசைத்த பிறகே முக்காலியை விரிப்பார். ஒப்பாரி வைக்கும் பெண்கள் பக்கம் லென்ஸைத் திருப்பமாட்டார். இந்தப் படங்களில் ஒன்றைக்கூடக் கடையின் கண்ணாடிப் பெட்டியில் வைத்ததில்லை.

அவர் சொன்ன ஒரு சம்பவம் எனக்கு மறக்கவில்லை. ஆற்றில் புதுத் தண்ணீர் வந்த சமயம். பக்கத்துக் கிராமத்தில் பத்து வயதுப் பையன் குளிக்கப் போனவன் சுழலில் சிக்கிப் போய்விட்டான். தகப்பனார் ஆள் அனுப்பி இவரைக் கூப்பிட்டிருக்கிறார். இவர் போய் முக்காலியை விரித்ததும், தாய் ஓடி வந்து முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடிவிட்டாள். "என் புள்ளையை இப்படி ஒருத்தரும் பார்க்கக் கூடாது" என்று கத்தினாள். தகப்பனார், "நீங்க எடுங்க" என்கிறார். இவர் பேசாமல் முக்காலியை மடக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

தலைத் திவசம் நெருங்கும் நாளில் அந்த அம்மாள் ஸ்டூடியோவுக்கே வந்தாள். "அண்ணே, அன்னிக்கு எடுக்க வேண்டாம்னு நான்தான் சொன்னேன். எனக்குத் தெரியாம எடுத்திருந்தீங்கன்னா குடுங்க. முகம் மறந்து போயிடுமோன்னு பயமாயிருக்கு" என்றாளாம்.

"இல்லேம்மா, எடுக்கலை" என்றார் இவர்.

"நிஜமா எடுக்கலையா?" என்று இன்னொரு தடவை கேட்டாள். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இவருக்கு அப்போதுதான் ஒரு யோசனை தோன்றியது. அதற்கு முந்தின வருஷம் பையன் படித்த பள்ளிக்கூடத்தில் வகுப்பு குரூப் போட்டோ எடுத்தவர் இவர்தான். பழைய நெகடிவ் பெட்டிகளைக் கிளறித் தேடினார். மூன்றாம் வரிசையில் பையன் இருந்தான். முகம் மிளகளவு. பக்கத்துப் பையன் கிள்ளினானோ என்னவோ, சிரித்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கி, ரீடச் செய்து, சட்டம் போட்டுக் கொடுத்தார்.

"ஒருவேளை அன்றைக்கே நீங்கள் மறைவாக ஒன்று எடுத்து வைத்திருந்தால் நல்லதாகப் போயிருக்குமே?" என்று நான் கிளறினேன்.

"படம் அவங்களுது, தம்பி. வேண்டாம்னு சொன்னதும் அவங்க பாத்தியதை. பிறகு வேணும்னு வந்ததும் அவங்க பாத்தியதை. நடுவிலே நான் யாரு? அதோடு, மறுநாளும் அந்த வீட்டு வாசல் வழியாத்தானே நான் சைக்கிளில் போகணும்?"

வாசகர்களே, விஷயத்தின் முடிச்சு இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது. ஊர்க்காரர் மறுநாளும் அந்த வாசலைக் கடக்க வேண்டியவர். பிரயாணியோ அடுத்த பஸ்ஸில் போய்விடுகிறவன். படத்தில் இருப்பவரை அவன் திரும்பச் சந்திக்கப் போவதில்லை. அவன் கையில் இருக்கும் காமிராவுக்குக் கூச்சம் குறைந்து போவது அதனால்தான்.

1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியில் கொடும் பஞ்சம். காவிரி பாய்ந்த தஞ்சாவூர் ஜில்லா ஓரளவு தப்பியது. மழையை நம்பிய ஜில்லாக்கள் சுடுகாடாயின. தென்னாடு முழுவதும் சேர்த்து 50 லட்சத்துக்கு மேல் மாண்டார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அப்போது வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி பட்டினியால் எலும்புக் கூடானவர்களை வரிசையாக உட்கார வைத்துப் படமெடுத்தார். இன்றும் பஞ்சத்தைப் பற்றிய புத்தகங்களில் நாம் காண்பவை அந்தப் படங்களே. அந்தக் காலத்துக் காமிராவுக்குப் பாத்திரங்கள் சில விநாடியாவது ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். நிற்கச் சக்தியில்லாதவர்களை 'அசையாதே' என்று நிறுத்தி வைப்பதை நினைத்துப் பாருங்கள்! அவர்கள் யார், அப்புறம் பிழைத்தார்களா என்பதைப் படங்கள் சொல்வதில்லை.

அதே ஹூப்பர் பிறகு பர்மா யுத்தத்துக்குப் போனார். 1886-ல் மாந்தளையில் கைதிகளைச் சுட்டுக் கொல்லும்போது, குண்டு பாயும் கணத்தைப் பிடிக்கக் காமிராவோடு காத்திருந்தார் என்ற சேதி லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் வெளிவந்தது. பார்லிமெண்டில் கேள்வி எழுந்தது, விசாரணை நடந்தது, கண்டனமும் கிடைத்தது. பஞ்சத்தில் பழகிய கை, கொலைக்களத்தில் கூசவில்லை.

'அப்படியானால் துன்பத்தைப் படமே எடுக்கக் கூடாதா? உலகத்துக்கு எப்படித் தெரியும்?' என்று நீங்கள் கேட்பது நியாயம். 1943-ல் வங்காளத்தில் ஜனங்கள் கல்கத்தாத் தெருக்களில் விழுந்து செத்தார்கள். சர்க்காரோ 'பஞ்சம்' என்ற வார்த்தையையே ஒப்புக்கொள்ளவில்லை. 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையின் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ், தாமே ஆங்கிலேயராக இருந்தும், ஆகஸ்டு 22-ந் தேதி இதழில் அந்தக் காட்சிகளைப் படங்களாகவே பிரசுரித்தார். மறைத்து வைத்த விஷயம் உலகத்துக்குத் தெரிந்தது. இங்கேயும் யாரும் உத்தரவு வாங்கவில்லை. ஆனால் படத்தில் இருந்தவர்களுக்கு ஒரு பிடி சோறு கிடைக்க வேண்டும் என்பதற்காக அந்தப் படங்கள் வெளிவந்தன.

இரண்டுக்கும் நடுவே தவித்தவர் ஒருவர் உண்டு. கெவின் கார்ட்டர் என்ற தென்னாப்பிரிக்கர். 1993 மார்ச்சில் சூடான் நாட்டில், பசியால் சுருண்டு கிடந்த குழந்தை ஒன்று. சற்றுப் பின்னால் ஒரு பிணந்தின்னிக் கழுகு. கழுகு சிறகை விரிக்குமா என்று சுமார் இருபது நிமிஷம் காத்திருந்து படமெடுத்தார். பிறகு அதை விரட்டினார். 'நியூயார்க் டைம்ஸ்' அதைப் பிரசுரித்ததும் வாசகர்கள் பலர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: 'அந்தக் குழந்தை என்ன ஆயிற்று?' மறு வருஷம் படத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே வருஷம் ஜூலையில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். காரணங்கள் பல, அதற்குள் நாம் போக வேண்டாம். ஆனால் அந்தப் படத்தால் சூடானின் பசியை உலகம் பார்த்தது என்பதும் உண்மை. வாசகர்களின் கேள்வி அவரைத் துரத்தியது என்பதும் உண்மை.

தொலைதூரம் போவானேன்? திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கிழக்கே போனால் கும்பகோணம். 2004 ஜூலை 16-ந் தேதி அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டார்கள். அன்றைய கோரத்தைக் காட்டும் படங்கள் பத்திரிகைகளிலும் டெலிவிஷனிலும் நிறைய வந்தன. ஆனால் வருஷா வருஷம் அந்த நாளில் பெற்றோர்கள் விளக்கேற்றுவது, குழந்தைகள் உயிரோடு இருந்தபோது எடுத்த படங்களுக்கு முன்னால்தான். எந்த முகத்தை நினைவில் வைத்துக்கொள்வது என்பதை அவர்கள் தீர்மானித்துவிட்டார்கள்.

ஆகவே, பிரயாணம் கிளம்பும் நேயர்களுக்கு என் சிபாரிசு இவ்வளவுதான். வழியில் விபத்தைக் கண்டால், டெலிபோன் முதலில் 108-ஐக் கூப்பிடட்டும். காமிராவுக்கு அப்புறம் வேலை கொடுக்கலாம். அழுகிறவர்களைக் கண்டால், முதலில் என்ன ஏது என்று விசாரியுங்கள். விசாரித்த பிறகு பாதிப் பேருக்குப் படமெடுக்கும் ஆசையே போய்விடும். அதிகாரிகள் மறைக்கும் அநியாயமாக இருந்தால், தைரியமாக எடுங்கள். எடுத்ததை நண்பர்களுக்கு வேடிக்கைக்கு அனுப்பாமல், கவனிக்க வேண்டியவர்களுக்கு அனுப்புங்கள்.

சந்தேகமாக இருந்தால், ஸ்டூடியோக்காரரின் சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நாளைக்கே அந்த வீட்டுக்குப் போய், 'அம்மா, இது உங்களுடையது' என்று கொடுக்க முடியுமா? முடியும் என்று தோன்றினால் பட்டனை அமுக்குங்கள். முடியாது என்றால், சும்மா இருங்கள். ஆற்றில் இறங்கித் தேடுகிறவர்களுக்குக் கயிறு பிடிக்க எப்போதும் ஓர் ஆள் குறைவாகத்தான் இருக்கும்.