காபி விலையும் டம்ளர் அளவும்

1977-ல் நான் மயிலாப்பூரில் ஒரு வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது கைக்கு வந்த சம்பளம் ஏறக்குறைய 500 ரூபாய். எதிர் ஹோட்டலில் காபி 50 பைசா. சம்பளம் முழுவதும் கொடுத்தால் 1,000 காபி. இன்று அதே கிளையில் புதிதாகச் சேர்ந்த பையனுக்குக் கையில் 40,000 ரூபாய். அதே ஹோட்டலில் காபி 40 ரூபாய். இன்றைக்கும் 1,000 காபிதான்! ஆகவே "அந்தக் காலத்தில் எட்டணா" என்று புலம்பும் நம் கோஷ்டியில் நான் இல்லை. பால், கொட்டை, கேஸ், வாடகை எல்லாம் ஏறிவிட்டன. சர்வரும் பிள்ளைகுட்டிக்காரர்தான்.

என் கோபம் டம்ளர் மேல்.

அந்த ஹோட்டலைப் புதுப்பித்தபோது பழைய பாத்திரங்களை எடைக்குப் போட்டார்கள். ஆசைக்கு ஒரு ஜோடி டபரா டம்ளர் வாங்கி வைத்தேன். போன வாரம் அதில் தண்ணீர் ஊற்றி அளந்தேன்: 150 மில்லி. பிறகு அங்கிருந்து ஒரு காபி பார்சல் வாங்கி வந்து, நுரை அடங்கியதும் அளந்தேன்: 90 மில்லி. பழைய டம்ளர் கணக்கில் இன்றைய விலை 67 ரூபாய். பையனின் 1,000 காபி 600 ஆகிவிட்டது.

கல்லாவில் கேட்டேன். "அளவைக் குறைச்சதாலதான் சார் விலை 40-ல நிக்குது" என்றார். நியாயம்தான். ஆனால் விலை ஏறினால் பலகையில் தெரிகிறது. அளவு இறங்கினால் எங்கே தெரிகிறது?

2017 நவம்பரிலும் இப்படித்தான். ஏசி ஹோட்டல்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. உள்ளீட்டு வரிச் சலுகை போய்விட்டது என்று சொல்லி, பல இடங்களில் காபியின் அடிப்படை விலையைக் கூட்டினார்கள். வரி இறங்கியும் பில் இறங்கவில்லை.

பால் பாக்கெட்டில் 500 மில்லி என்று போட்டிருக்கிறது. குவார்ட்டர் பாட்டிலில்கூட 180 மில்லி என்று அச்சடித்திருக்கிறது. குடிகாரனுக்குக் கிடைக்கும் மரியாதை காபி குடிப்பவனுக்குக் கிடையாதா? விலைப்பட்டியலில் "காபி, 90 மில்லி, 40 ரூபாய்" என்று எழுதட்டும். அப்படியே, சத்தமில்லாமல் எடுத்துவிட்ட அரைக் காபியையும் திரும்பச் சேர்க்கட்டும். சர்க்கரை வியாதிக்கார கிழவர்கள் எங்களுக்கு அதுவே போதும். ஆனால் அதற்கு முழுக் காசு கேட்கக் கூடாது.

அடுத்த முறை காபி வந்ததும், குடிப்பதற்கு முன் "எத்தனை மில்லி?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பலகையில் எழுதிவிடுவார்கள்.