பப்பாளி இலையை நம்பி இழக்கும் நாய்கள்

நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்ததும் நம் ஊரில் முதலில் வரும் யோசனை பப்பாளி இலைச் சாறு. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், நாய் வளர்க்கும் நண்பர் சொல்வார், காலை நடையில் எதிர்ப்படும் முன்பின் தெரியாதவரும் சொல்வார். கூடவே ஒரு சமாதானமும் வரும்: “இயற்கை மருந்துதானே, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை.” நாள்பட்ட நோயோடு வாழும் நாய்களுக்கு இதைவிடக் கேடு செய்யும் நம்பிக்கை வேறு இல்லை. அக்கறையில் பிறந்தது என்பதால் பலரும் அதை எதிர்த்துப் பேசத் தயங்குகிறார்கள். பேசியே ஆக வேண்டும்.

உண்ணிக் காய்ச்சலுக்கு முதன்மைக் காரணம் எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியா. பழுப்பு நிற நாய் உண்ணி கடிக்கும்போது அது ரத்தத்தில் சேர்கிறது. 1935-இல் அல்ஜீரியாவில் இதை முதலில் கண்டறிந்தார்கள். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவ நாய்கள் நூற்றுக்கும் மேல் மடிந்த பிறகுதான் இதன் கொடுமை உலகுக்கு உறைத்தது. நம்மூர் வெயில் அந்த உண்ணிக்கு மிகவும் பிடித்தமானது. சுவர் இடுக்கிலும் கட்டில் காலிலும் ஒளிந்து பெருகும்.

இந்த நோய் மூன்று கட்டங்களாக நகரும். கடிபட்ட இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல், சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு, சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம். பிளேட்லெட் எண்ணிக்கை சரியும். இது முதல் கட்டம். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பல நாய்கள் எந்த மருந்தும் இல்லாமலேயே தெளிந்துவிடும். காய்ச்சல் தணியும், பிளேட்லெட் ஏறும், வாலாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடும். ஆனால் கிருமி போகவில்லை. மண்ணீரல் போன்ற இடங்களில் மாதக்கணக்கில், சில நாய்களில் ஆண்டுக்கணக்கில், பதுங்கிக் கிடக்கும். இது இரண்டாம் கட்டம். சில நாய்கள் இங்கேயே கிருமியை வென்றுவிடும். மற்றவை மூன்றாம் கட்டத்துக்குப் போகும். அப்போது ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையே ஓய்ந்துபோகிறது. அந்த நிலைக்கு வந்த நாயைத் தேர்ந்த மருத்துவரும் மீட்பது அரிது.

பப்பாளி இலை பெயர் வாங்குவது முதல் கட்டத்தின் முடிவில். “சாறு கொடுத்தேன், ஒரே வாரத்தில் பிளேட்லெட் ஏறியது” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. எண்ணிக்கை ஏறியது உண்மைதான். சாறு கொடுக்காமல் இருந்திருந்தாலும் அது ஏறியிருக்கக்கூடும் என்பதை மட்டும் அவர் கணக்கில் எடுக்கவில்லை. பிளேட்லெட் குறைவது நோயின் அறிகுறி, நோய் அதுவல்ல. அறிகுறி மறைந்ததைக் குணம் என்று நம்பி வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். பல மாதம் கழித்து அதே நாய் ஈறு வெளுத்து, எடை இழந்து விழும்போது, இது வேறு ஏதோ புதிய நோய் என்று நினைக்கிறார்கள். ஆகவே இலைக்குக் கிடைத்த நற்பெயர் அப்படியே நிற்கிறது. அடுத்த வீட்டு நாய்க்கும் அதே யோசனை போகிறது.

இதற்குச் சிகிச்சை டாக்ஸிசைக்ளின். பொதுவாக 28 நாள் தர வேண்டும். மருந்து தொடங்கிய இரண்டு மூன்று நாளில் நாய் எழுந்து உட்காரும். அங்கேதான் இரண்டாவது தவறு நடக்கிறது: “இங்கிலீஷ் மருந்து சூடு, இனி நாட்டு மருந்தில் பார்த்துக்கொள்வோம்” என்று ஐந்தாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கிருமிக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

அந்த ‘இங்கிலீஷ் மருந்து’ எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். டாக்ஸிசைக்ளின் சேர்ந்த டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து, அமெரிக்காவின் மிசௌரியில் ஒரு வயலில் எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரியிலிருந்து கிடைத்தது, 1948-இல் வெளியானது. அதைக் கண்டுபிடித்த லெடர்லி நிறுவனத்தின் ஆராய்ச்சித் துறைக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கடல் கடந்து போகும் முன் சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தவர். மண்ணில் பிறந்த மருந்தை ‘கெமிக்கல்’ என்று ஒதுக்குவதும், பச்சையாக இருப்பதால் ஓர் இலையை மருந்து என்று ஏற்பதும் எந்த அறிவு? எங்கே விளைந்தது என்பதல்ல கேள்வி. அளவு தெரிந்ததா, சோதிக்கப்பட்டதா, இந்த உயிருக்குப் பொருந்துமா என்பதே கேள்வி.

பொருந்தாதபோது என்ன ஆகும்? உண்ணி அண்டாது என்று பூண்டு கொடுக்கிறார்கள். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகை உண்டாக்குபவை. உண்ணிக் காய்ச்சலால் ஏற்கெனவே ரத்தம் குறைந்த நாய்க்கு அதைக் கொடுப்பது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்து உடம்பெங்கும் பூசுகிறார்கள். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், நாய் நக்கும்போது வாய் வழியாகவும் போகும். வலிப்பு வரை கொண்டுபோகும். தேயிலை மர எண்ணெயால் நஞ்சேறிய 443 நாய், பூனைகளின் விவரத்தை அமெரிக்க நஞ்சு ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டார்கள். உடம்பு சரியில்லை என்றால் ரசம் சோறு பிசைந்து வைப்பது நம் வழக்கம். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அண்மைக் காலத்தில் தெரியவந்தது. அதே அமிலம் புளியில் ஏராளம். ஒரு கரண்டி ரசத்தில் எல்லா நாயும் சாகும் என்று நான் சொல்லவில்லை. சிறுநீரகம் பழுதான நாய்க்குப் புளியும் உப்பும் பூண்டும் பத்தியம் ஆகாது என்கிறேன். மனித வயிற்றுக்கு இதமானது நாயின் உடலுக்கும் இதமானது என்ற எண்ணத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை.

நீரிழிவில் இந்த நம்பிக்கை இன்னும் கொடியது. நாய்க்கு வரும் நீரிழிவில் பெரும்பாலும் கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடுகிறது. பாகற்காய்ச் சாறும் நாவல் கொட்டைப் பொடியும் இல்லாத இன்சுலினை உண்டாக்கித் தராது. இன்சுலின் இல்லாமல் கழியும் ஒவ்வொரு வாரமும் நாய் மெலியும், கண்ணில் புரை படரும், இறுதியில் ரத்தம் அமிலமாகி மயங்கிச் சாகும். 1889-இல் கணையம் எடுக்கப்பட்ட நாய்க்கு நீரிழிவு வந்ததைப் பார்த்துத்தான் நோயின் வேர் புரிந்தது. 1921-இல் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களை வைத்துத்தான் இன்சுலினைக் கண்டடைந்தார்கள். தன் உயிரைக் கொடுத்து மனிதனுக்கு இன்சுலின் வாங்கித் தந்த விலங்குக்கு, அதே இன்சுலினை மறுத்துக் கஷாயம் ஊற்றுவது நன்றிகெட்ட செயல்.

மக்கள் ஏன் இப்படிப் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தனியார் மருத்துவமனையில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் பணம். பரிசோதனையே செய்யாமல் ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்பும் இடங்களும் உண்டு. என்ன நோய், எதற்கு மாத்திரை என்று இரண்டு நிமிடம் உட்கார்ந்து சொல்ல ஆள் இல்லாதபோது, பரிவோடு பேசும் பக்கத்து வீட்டுக்காரரின் இலை பெரிதாகத் தெரிகிறது. கால்நடை மருத்துவர்கள் இந்தக் குறையைக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் மருத்துவர் விளக்கவில்லை என்பதற்கான தண்டனையை நாய் ஏன் அனுபவிக்க வேண்டும்? டாக்ஸிசைக்ளின் விலை உயர்ந்த மருந்து அல்ல. அரசு கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மூலிகை எல்லாம் வீண் என்பதும் என் வாதம் அல்ல. மாட்டின் மடிநோய்க்குக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு சேர்த்த பூச்சை நம் கால்நடைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. அதற்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான கவனிப்பும் பதிவும் உண்டு. அந்தக் கற்றாழையையே நாய் தின்றால் வாந்தியும் பேதியும் எடுக்கும். மாட்டில் பார்த்ததை நாயிலும் பார்க்காமல் நம்பக் கூடாது என்பதைத்தான் அந்த மரபும் சொல்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதை மருந்துக்குப் பதிலாகச் செய்யாமல் மருந்தோடு செய்ய வேண்டும். மாத்திரையைச் சோற்றோடு கொடுங்கள், பாலிலும் தயிரிலும் கலக்காதீர்கள். அவற்றிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உண்ணியைத் தடுக்கும் மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள், சுவர் இடுக்கையும் படுக்கும் சாக்கையும் சுத்தம் செய்யுங்கள். சிறுநீரக நோய் என்றால் தண்ணீர் எப்போதும் கிண்ணத்தில் இருக்கட்டும். உணவை மருத்துவரைக் கேட்டு மாற்றுங்கள். எடையை எழுதி வையுங்கள். ஏதாவது மூலிகை கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். 28 நாள் முடிந்த பிறகும் ரத்தத்தைப் பரிசோதியுங்கள்.

நமக்கு நோய் வந்தால் எந்த வைத்தியம் வேண்டும் என்று நாமே தீர்மானிக்கிறோம். பலிக்காவிட்டால் வலிக்கிறது என்று சொல்ல வாய் இருக்கிறது. நாய்க்கு அந்த இரண்டும் இல்லை. நாம் வாயில் ஊற்றுவதை அது விழுங்கும். அதனால் நம் நம்பிக்கையை அதன் உடம்பில் சோதித்துப் பார்க்கும் உரிமை நமக்கு இல்லை. கெடுதல் இல்லை என்று யாராவது ஒரு இலையை நீட்டினால், எந்த நாயில், எந்த அளவில், எந்த நோய்க்குச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் இலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.