ஒலிப்பது படிப்பன்று!

காஞ்சிக்குத் தெற்கே, சேயாற்றின் கரையில், ஞானசம்பந்தரின் தமிழ்ப்பதிகம் பெற்ற பழவூர் மாகறல். அவ்வட்டாரத்து நெசவாளர் வீடொன்றின் திண்ணையில் அண்மையில் அமர்ந்திருந்தேன். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. ஆங்கிலவழிப் பள்ளியொன்றில் இரண்டாம் வகுப்புப் பயிலும் அவ்வீட்டுச் சிறுமி, தன் ஆங்கிலப் பாடநூலை விரித்து ஒரு பக்கத்தைத் தடையின்றிப் படித்துக் காட்டினாள். தாயின் முகத்தில் பூரிப்பு.

“கதையில் என்னம்மா நடந்தது?” என்று கேட்டேன். சிறுமி மீண்டும் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். “படிக்க வேண்டா, கண்ணு, கதையைச் சொல்” என்றேன். தலையைக் கவிழ்த்துக்கொண்டு, “மிஸ் இன்னும் எழுதிப் போடல, தாத்தா” என்றாள்.

அன்பர்களே! பொருள் என்பது தானே உணர்வதன்று, பிறர் எழுதிப் போடுவது என்று ஏழு அகவைக் குழந்தைக்குக் கற்பித்துவிட்டோம். தறிக்கூலியில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு தந்தை செலுத்தும் கட்டணத்திற்கு ஈடாக அவர் பெற்றது இதுதான்!

பிறகு ஒரு தாளில் நான்கு வரி தமிழில் எழுதி அவள் கையில் கொடுத்தேன். ‘பொழுது சாய்ந்தது. அப்பா தறியைவிட்டு எழவில்லை. அம்மா சோற்றை மூடி வைத்தாள். திருமணத்திற்கு இன்னும் இரண்டே நாள் என்றாள்.’ எழுத்துக் கூட்டித் திக்கித் திக்கித்தான் படித்தாள். “அப்பா ஏன் எழவில்லை?” என்று கேட்டதுதான் பிழை, விடை பாய்ந்து வந்தது: “சேலை முடியல தாத்தா! கல்யாணப் பொண்ணுக்குக் குடுக்கணும்ல!”

நான் எழுதிய நான்கு வரிகளில் சேலை என்னும் சொல்லே இல்லை. எழுதாததை அவள் படித்தாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததையே படிக்க இயலாத அதே குழந்தை!

இதற்குத்தான் குறிப்பறிதல் என்று பெயர். சொல்லியதைக் கொண்டு சொல்லாததை உய்த்துணர்வதே படிப்பின் உயிர். மேலையர் இதை ஒரு புதுக்கலையாகப் பேசுவதும், நம்மவர் அதை வாய்பிளந்து கேட்பதும் நகைப்பிற்குரியவை. திருக்குறளில் குறிப்பறிதல் என்னும் பெயரில் ஒன்றன்று, இரண்டு அதிகாரங்கள் உள்ளன. 71-ஆம் அதிகாரம் அரசவைக்கு, 110-ஆம் அதிகாரம் காதலர்க்கு. தொல்காப்பியம் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் புதைபொருளுக்கு இலக்கணமே வகுத்தது. ‘பிசி’ என்று நம் பாட்டிமாரின் விடுகதைக்கும் இடம் தந்தது. குறிப்பறிதலுக்கு இலக்கணம் கண்ட இனத்தின் பிள்ளைகள் இன்று வெளிப்படைப் பொருளும் அறியாமல் விழிக்கின்றனர்!

இதன் கரணியம் என்ன? ஐந்து அகவைக்குள் ஒரு குழந்தை தன் தாய்மொழியில் ஆயிரக்கணக்கான சொற்களைச் செவிவழியே ஈட்டிவிடுகிறது. எழுத்துக் கூட்டக் கற்றவுடன், வாய் ஒலிக்கும் சொல்லை உள்ளம் அடையாளங் கண்டுகொள்கிறது. எஞ்சிய ஆற்றல் முழுதும் ‘ஏன்? எதனால்?’ என்று உய்த்துணர்வதில் செல்கிறது. ஆங்கிலத்திலோ ‘கட்’ என்றும் ‘புட்’ என்றும் ஒரே எழுத்து இருவேறாக ஒலிக்கும் குழப்பத்தில் முதலில் இடற வேண்டும். அதைத் தாண்டினாலும் அச்சொல் எப்பொருளைக் குறிக்கிறது என்று அறியாமல் நிற்க வேண்டும். இரண்டு சுவர்களுக்கிடையே நெருக்குண்ட குழந்தைக்கு எண்ணுவதற்கு இடமேது? தாய்மொழியே தொடக்கக் கல்விக்கு உகந்த மொழி என்று ஒன்றிய நாடுகளின் கல்வி பண்பாட்டு அமைப்பான யுனெசுகோ 1953-லேயே எடுத்துரைத்தது. உலகம் ஒப்பிய உண்மை நம் உள்ளூர்ப் பள்ளி வாயிலில் மட்டும் நுழைய மறுக்கிறது!

இனித் தமிழ்வழிப் பள்ளிகளின் நிலை என்ன? நம் பிழையையும் மறைக்காமல் சொல்வோம். ‘அசர்’ எனப்படும் ஊரகக் கல்விநிலை ஆய்வு, நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்த பின், 2022-இல் தமிழ்நாட்டில் கண்டது இது: மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 100 பேரில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக் கூடியவர் ஐவர்கூட இல்லை, ஐந்தாம் வகுப்பிலும் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே. அவ்வாய்வு அளப்பதும் வாய்விட்டுப் படிக்கும் திறனையே. பொருளுணர்ச்சியை அளந்தால் என்னாகும்? அவ்வாண்டிலேயே தமிழக அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கி, எட்டு அகவைக்குட்பட்ட குழந்தைகள் அனைவரும் 2025-க்குள் பொருளுணர்ந்து படிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. இலக்கு நன்று, வரவேற்கிறோம். ஆயின் 2012-13 முதல் அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு பொருளுணர்ச்சியைப் பற்றிப் பேசுவது, வேரில் வெந்நீரூற்றிவிட்டுக் காய்க்கவில்லையே என்று மரத்தை நோவதாகும்.

வினாவும் விடையும் கரும்பலகையில் எழுதிப் போட்டு நெட்டுருச் செய்விக்கும் தமிழாசிரியரும் குற்றவாளியே. பாடத்திலுள்ள வரியைப் பெயர்த்தெழுதினால் முழு மதிப்பெண். தன் சொல்லில் எழுதினால் சிவப்புக் கோடு! இம்முறையில் தமிழும் ஒரு வேற்றுமொழியாகிவிடும்.

தனித்தமிழின் தேவை இவ்விடத்தில்தான் விளங்குகிறது. 1916-இல் மறைமலையடிகளார் தொடங்கிய இவ்வியக்கத்தைத் தூய்மைச் செருக்கு என்று எள்ளுவோர் செவிசாய்க்கட்டும். ‘பூகம்பம்’ என்றால் குழந்தை விழிக்கும். ‘நிலநடுக்கம்’ என்றால் நிலமும் நடுக்கமும் அதற்கு முன்பே தெரியும், பொருளைத் தானே கண்டுகொள்ளும். ‘போட்டோசிந்தசிசு’ என்பதை நெட்டுருத்தான் போட வேண்டும். ‘ஒளிச்சேர்க்கை’ என்றால் இலை வெயிலில் ஏதோ சேர்க்கிறது என்று பாதி பாடம் சொல்லிலேயே விளங்கிவிடும். வேர் தெரிந்த சொல் குழந்தையின் கைவிளக்கு. வேரற்ற சொல் அதன் கண்கட்டு.

பொருளறியா ஒலிக்கு முன் கைகூப்பி நிற்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. தமிழ் பாடிய கோயிலிலேயே வடமொழி ஒலியைப் பொருள் தெரியாமல் கேட்டுத் தலைவணங்கிப் பழகினோம். விளங்காததே உயர்ந்தது என்னும் அந்த அடிமை உணர்வுதான் இன்று கருவறையிலிருந்து வகுப்பறைக்கு வந்திருக்கிறது. அன்று வடமொழி; இன்று ஆங்கிலம். ஒலி மாறிற்று, குனிந்த தலை நிமிரவில்லை.

“ஆங்கிலம் வேண்டாவா?” என்பீர்கள். ஒரு மொழியாக, உரிய அகவையில், நன்றாகவே கற்கட்டும். தாய்மொழியில் குறிப்பறியப் பழகியவன் எம்மொழி நூலிலும் குறிப்பறிவான். ஒரு மொழியிலும் குறிப்பறியாதவன் எட்டு மொழி ஒலித்தாலும் கிளியே. ஒப்பந்தத்தாளின் வரிகளுக்கிடையே ஒளிந்துள்ள கண்ணியைக் காணாமல் கைந்நாட்டு வைப்பவனாகவும், மேடைப் பேச்சின் உள்நோக்கம் தெரியாமல் கைதட்டுபவனாகவும் அவன் வளர்வான். கொடுங்கோலர்க்கும் வட்டிக்காரர்க்கும் வேண்டியவன் இத்தகையவனே!

சட்டம் நம்மைக் காக்கும் என்று காத்திருக்கவும் வழியில்லை. ஐந்தாம் வகுப்புவரை தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழியாதல் வேண்டும் என்ற 1999-ஆம் ஆண்டின் தமிழக அரசாணையைச் சென்னை உயர்நயன்மன்றம் 2000-இல் செல்லாதென்றது. கன்னடநாட்டு வழக்கில் 2014 மே 6 அன்று தில்லி உச்சநயன்மன்றமும் தொடக்கக் கல்வியில் தாய்மொழிவழியை அரசு கட்டாயமாக்கலாகாது, தேர்ந்துகொள்வது பெற்றோர் உரிமை என்றது. ஆகவே போர்க்களம் இனி உங்கள் வீட்டுத் திண்ணையே!

பெற்றோரே! பிள்ளையைத் தமிழ்வழியில் சேருங்கள். நாள்தோறும் ஒரு விடுகதை போடுங்கள்; விடையைச் சொல்லாமல் தவிக்க விடுங்கள். கதையை நடுவில் நிறுத்தி, “அடுத்து என்ன ஆகும்? எதனால் அப்படி எண்ணுகிறாய்?” என்று கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களே! ஒவ்வொரு பாடத்திலும், நூலில் எழுதியிராத விடையுடைய ஒரு வினாவையேனும் வினவுங்கள். தவறான விடைக்கும் ‘ஏன்’ என்று கேட்டுச் செவிகொடுங்கள். தமிழ்மேடையில் முழங்கிவிட்டுத் தம் பேரனை ஆங்கிலவழியில் சேர்க்கும் நம் தோழர்களே! முதலில் நாணுங்கள், பின் திருந்துங்கள்.

அந்தத் திண்ணைச் சிறுமியின் கண்ணில் விடை பாய்ந்த நொடியில் ஓர் ஒளி கண்டேன். அது அவள் தாய்மொழி ஏற்றிய விளக்கு. எவரும் எழுதிப் போடாமலேயே அவள் அறிந்தாள். அவ்விளக்கை அணைக்க எவனுக்கும் உரிமையில்லை, பெற்றவர்க்கும் இல்லை!